வழக்கம் தொடங்குவோர்

'ஈத்' என்னும் அரபுச் சொல், மீண்டு வருதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்ததென்று அரபு அகராதியாளர் உரைப்பர். வழக்கத்தைக் குறிக்கும் 'ஆதத்' என்ற சொல்லும் அதே வேரின் கிளையே. பெருநாள் ஆண்டுதோறும் தானே மீண்டு வருகிறது. வழக்கத்தையோ மனிதன் மீண்டும் மீண்டும் செய்து வரவழைக்கிறான். தமிழில் 'வழக்கு' என்ற சொல் இன்னும் கூர்மையானது. ஊரார் ஒப்ப நடப்பதும் வழக்கு. நீதிமன்றத்தில் ஏறி நிற்பதும் வழக்கு. அன்பினால் தொடங்கிய ஒரு பழக்கம், இரண்டு தலைமுறை கடந்ததும் சம்பந்திகள் இருவரை எதிரெதிரே நிறுத்திவிடுவதை நாம் காணாதவர்கள் அல்லர். சொல்லை ஆக்கியவர்கள் வாழ்வைப் பார்த்துத்தான் ஆக்கியிருக்கிறார்கள்.

இதை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. திருவண்ணாமலை போன்ற ஊர்களில் மணம் முடித்துத் தனிக்குடித்தனம் புகும் நம் பிள்ளைகளில் சிலர், தங்கள் முதற் பெருநாளுக்கு வீட்டைத் தங்கள் கையாலேயே அணிசெய்ய விரும்புகிறார்கள். வண்ணத்தாளைக் கத்தரித்துப் பிறையும் விண்மீனும் செய்கிறார்கள். பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து மினாரா வெட்டுகிறார்கள். தென்னங்குருத்தைக் கீறிப் பின்னி வாசலில் தொங்கவிடுகிறார்கள். 'இனி ஒவ்வோர் ஆண்டும் இப்படியே செய்வோம்' என்று கணவனும் மனைவியும் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். தாளையும் பசையையும் பற்றி நாம் கவலைகொள்ள ஏதுமில்லை. 'இனி ஒவ்வோர் ஆண்டும்' என்ற அந்த மூன்று சொற்களிலேதான் கேள்வி இருக்கிறது. இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கும் சேர்த்து அவர்கள் ஒரு சட்டம் இயற்றுகிறார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டா? உண்டெனில், எத்தகைய சட்டத்தை இயற்றலாம்?

பெரியவர்களில் ஒரு சாரார், 'மார்க்கத்தில் இல்லாததைப் புகுத்தாதீர்கள்' என்று முதல் வார்த்தையிலேயே தடுத்துவிடுவர். அவர்களுடைய அச்சம் மதிக்கத்தக்கதே. எனினும் வணக்கம் வேறு, வாழ்க்கை வழக்கம் வேறு. வணக்கத்தில் ஒன்றைச் சேர்ப்பதற்கு ஆதாரம் வேண்டும். உலக வழக்கத்தில் ஒன்றை விலக்குவதற்குத்தான் ஆதாரம் வேண்டும் என்பது சட்ட அறிஞர்கள் பலர் வகுத்த நெறி. மார்க்கத்துக்கு மாறுபடாத ஊர் வழக்கத்தைத் தீர்ப்புக்கே அடிப்படையாகக் கொள்ளலாம் என்ற விதியை, 1876-இல் நிறைவுற்ற உஸ்மானியச் சட்டத் தொகுப்பாகிய மஜல்லாவும் எழுதி வைத்திருக்கிறது. வாசலில் தாள் பிறை கட்டினால் நன்மை எழுதப்படும் என்று ஒருவர் எண்ணத் தொடங்கினாலோ, கட்டாத வீட்டுக்குப் பெருநாளே இல்லை என்று பேசத் தொடங்கினாலோ, அப்போது எல்லை தாண்டப்பட்டது என்க. அதுவரை அது தாள்தான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே அலங்காரத்தைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி நடந்திருக்கிறது. அண்ணலார் வெளியே சென்றிருந்த வேளையில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஓர் அழகிய துணியைக் கொண்டு வாயிலை மறைத்து அணிசெய்திருந்தார்கள். திரும்பி வந்த அண்ணலாரின் முகத்தில் விருப்பமின்மை தெரிந்தது. அத்துணியை இழுத்து அகற்றிவிட்டு, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்தும்படி நாம் பணிக்கப்படவில்லை என்ற கருத்தைக் கூறினார்கள். இதுவரை பலரும் எடுத்துச் சொல்வர். இதற்குப் பிந்திய பகுதியைச் சொல்வோர் குறைவு. அன்னையார் அத்துணியை வெட்டி, பேரீச்ச நார் திணித்து, இரண்டு தலையணைகளாகத் தைத்தார்கள். அதை அண்ணலார் குறைகூறவில்லை. அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களின் இல்லத்திலும் வேலைப்பாடமைந்த திரை ஒன்று தொங்கக் கண்டு, அண்ணலார் உள்ளே நுழையாமலே திரும்பிவிட்டார்கள். பின்னர் அத்திரை, தேவையுடைய ஒரு குடும்பத்தாருக்கு அனுப்பப்பட்டது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவோம். சுவரில் சும்மா தொங்கிய அழகு இறக்கப்பட்டது. ஆனால் துணி வீணாக்கப்படவில்லை. ஒன்று தலைக்கு அணையாயிற்று. மற்றொன்று ஏழை வீட்டுக்குத் துணியாயிற்று. அழகையே வெறுக்கும் மார்க்கமாக இருந்தால், தொழுமிடத்துக்கு அழகுற உடுத்தி வருமாறு பணித்து, அடுத்த சொல்லிலேயே வீண்விரயத்தைத் தடுத்து, அதற்கும் அடுத்தபடியாக இறைவன் வெளியாக்கிய அழகைத் தடைசெய்தவர் யாரென்று வினவும் திருமறையின் ஏழாம் அத்தியாயத்து 31, 32-ஆம் வசனங்களுக்கு என்ன பொருள் சொல்வது?

அழகு உழைக்கவும் வேண்டும் என்பதை நம்மவர் கைவினையே நமக்குக் காட்டிவருகிறது. நெல்லைச் சீமையின் பத்தமடையில் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் நெய்யும் பாயை அறியாதார் இலர். கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லியதாகக் கீறி, பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக்கி, துணிபோல் மடிக்கக்கூடிய பாயாக நெய்துவிடுகிறார்கள். மணமக்களின் பெயர்களை ஓரத்திலேயே நெய்து தரும் கல்யாணப் பாய் அவ்வூருக்கே உரிய சிறப்பு. எத்துணை அழகிருந்தும் அது உட்காரவும் படுக்கவும் உதவும் பொருள். அதற்கு ஒரு குறையும் உண்டு: பெயர் பொறித்த பாயை அடுத்த மணமக்களுக்குக் கொடுக்க முடியாது. அது அவ்விருவரோடு முடிந்துவிடும். வழக்கமோ பெயர் பொறிக்கப்படாத பாய். யார் நெய்தார் என்பது மறந்த பின்னும் அதன்மேல் ஆட்கள் அமர்ந்துகொண்டிருப்பர். தொடங்குவோர் எச்சரிக்கையாய் இருக்க வேண்டியதும் அதனாலேதான்.

தலைப்பெருநாள் சீரை எண்ணிப் பாருங்கள். புதிதாய் மணமான மகளின் வீட்டுக்கு அரிசியும் சர்க்கரையும் புத்தாடையும் அனுப்பிய முதல் தந்தை, மகிழ்ச்சியினால்தான் அனுப்பியிருப்பார். வசதியுள்ளவராகவும் இருந்திருப்பார். அவரைப் பார்த்து அனுப்பிய இரண்டாமவர் சற்றுச் சிரமப்பட்டிருப்பார். மூன்றாமவர் கடன் வாங்கினார். அதற்கும் பின்வந்தவரிடம், 'என்ன வந்தது?' என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கலானார்கள். முதல் தந்தை செய்தது பாவமா? இல்லை. ஆனால் அவர் தம் செல்வ நாளில் செய்த ஒன்றை, பின்னால் வந்தவர்கள் தம் வறுமை நாளிலும் செய்ய நேர்ந்தது. கைக்கூலியும் இவ்வழியில்தான் நம் வீடுகளுக்குள் புகுந்தது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், முஸ்லிம்களின் மஹரைத் தன் வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. மணமகன் கொடுக்க வேண்டியதைச் சட்டம் மதித்து ஒதுக்கியிருக்க, மணமகன் வாங்கக்கூடாததை நம்மவர் வழக்கமென்று பெயரிட்டு வாங்கிக்கொண்டிருப்பதை என்னென்பது!

ஆகவே ஒரு வழக்கத்தைத் தொடங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, 'இது அழகாயிருக்கிறதா?' என்பதன்று. 'என் பேரன் வேலை இழந்த ஓர் ஆண்டில் இதைச் செய்ய முடியுமா?' என்பதே. கையால் செய்யும் தோரணத்தின் மேன்மை இங்கேதான் விளங்குகிறது. கடையில் தொங்கும் பளபளக்கும் எழுத்துச் சரங்களும், மின்விளக்குத் தொடர்களும், காற்றடைத்த வெள்ளித்தாள் பிறைகளும் விலை உயர்ந்தவை அல்ல என்பர். உண்மையே. எனினும் சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு கொஞ்சம் கூட, அடுத்த வீட்டைவிட நம் வீட்டில் கொஞ்சம் கூட என்று வளர்வது கடைப்பொருளின் இயல்பு. வண்ணத்தாளும் கத்தரியும் அவ்வாறு வளர்வதில்லை. கைக்கு ஓர் எல்லை உண்டு. எகிப்து நாட்டு ரமலான் விளக்கின் கதையும் இதுவே. பாத்திமீ கலீஃபா அல்முயிஸ், ஹிஜ்ரி 362-இல் கெய்ரோ நகருக்குள் இரவில் நுழைந்தபோது மக்கள் விளக்கேந்தி எதிர்கொண்டார்கள் என்றும், அதுவே அவ்வழக்கத்தின் தோற்றம் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. இருட்டில் வழிகாட்டிய தகரமும் கண்ணாடியும் நாளடைவில் அலங்காரமாயின. பின்னர் சீனத்தில் வார்த்துப் பாட்டுப் பாடும் நெகிழி விளக்குகள் குவிந்தன. உள்ளூர்த் தொழிலாளரைக் காக்க, 2015-இல் அந்நாட்டு அரசே இறக்குமதியைத் தடுக்க வேண்டியதாயிற்று.

திருவண்ணாமலையில் வாழும் நம்மவர்க்கு இக்கேள்வி இன்னொரு முகத்தோடும் வருகிறது. கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர மலையுச்சியில், நெய் வார்த்த கொப்பரையில் தீபம் ஏற்றப்படுகிறது. அதைக் கண்டதும் ஊரெங்கும் வாசல்தோறும் அகல் வரிசைகள் ஒளிர்கின்றன. அவ்வேளையில் நம் வீட்டு வாசல் இருட்டாய் இருப்பதைக் கண்டு, 'நமக்கு ஏன் இல்லை?' என்று கேளாத முஸ்லிம் பிள்ளை அவ்வூரில் இராது. அப்பிள்ளைக்கு என்ன விடை சொல்வது? 'அது தவறு' என்று அண்டை வீட்டாரின் மகிழ்ச்சியைப் பழித்துச் சொல்வது பண்பன்று. 'நாமும் ஏற்றுவோம்' என்பதும் நேர்மையன்று. நமக்கு அதில் நம்பிக்கை இல்லாதபோது விளக்கு மட்டும் எதற்கு? ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம்முடைய பெருநாள் என்ற கருத்தை அண்ணலார் கூறியது எவ்விடத்தில் என்பதை நினைக்க வேண்டும். பெருநாளன்று சிறுமியர் இருவர் பாடிக்கொண்டிருந்ததை அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, அச்சிறுமியரை விட்டுவிடும்படி சொன்ன இடத்தில்தான் அது கூறப்பட்டது. பிறருடைய நாளைத் தாழ்த்துவதற்காகச் சொல்லப்படவில்லை. நம் பிள்ளைகள் நம் நாளில் மகிழ்வதற்கு இடம் வேண்டுமென்று சொல்லப்பட்டது.

ஆதலின் புதுமணத் தம்பதியர் தம் பெருநாளை அணிசெய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் தீபத்துக்குப் போட்டியாக அதைச் செய்வார்களேயானால் தொடக்கத்திலேயே தோற்றுவிடுவார்கள். மலையோடு யார் போட்டியிட முடியும்? போட்டியில் பிறந்த வழக்கத்துக்கு ஓய்வும் இல்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். அவ்வூரின் ஆரவாரமெல்லாம் முழுநிலவுக்கு உரியது. ஒவ்வொரு பௌர்ணமியிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம் நடக்கிறது. நம் நோன்புப் பெருநாளோ, நூல்போன்ற முதற்பிறையில் பிறப்பது. அந்த இரவில் வானமும் இருட்டு. மாட வீதிகளும் பௌர்ணமிக் கூட்டமின்றி அமைதியாய் இருக்கும். அவ்வமைதிக்கு ஏற்ற சிறு அழகே நமக்குப் பொருத்தம்.

பிறையைப் பற்றிச் சொன்னதும் ஒரு நுட்பம் நினைவுக்கு வருகிறது. கோயிலும் பழைய ஊரும் மலையின் கீழ்த்திசையில் இருக்கின்றன. முதற்பிறை தோன்றுவதோ மேற்குவானின் அடியில், கதிரவன் மறைந்த சிறிது நேரத்துக்கு. எனவே மலையடித் தெருக்களில் நிற்பவனுக்கு மலையே பிறையை மறைத்துவிடும். காண விரும்புவோர் மலையின் மறைவை விட்டு விலகி, மேற்கு திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும். அறிவிப்புத் தொலைபேசியில் வந்துவிடும் இக்காலத்தில் யார் போகிறார்கள்? ஆயினும் புதுக் குடும்பம் ஒன்று தொடங்கத்தக்க மரபைக் கேட்டால், தாள் பிறைக்கு முன்னதாக இதையே நான் சொல்வேன். நோன்பு திறந்துவிட்டு, கணவனும் மனைவியும் ஒன்றாக நடந்துபோய் வானத்தைப் பார்த்து, பிறை கண்டால் ஓதவேண்டியதை ஓதித் திரும்புவது. ஒரு காசும் செலவில்லை, அண்ணலாரின் வழிமுறையும்கூட. மேகம் மறைத்தாலும் நடந்தது நடந்ததுதானே.

மேலும், சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவாதலின், நம் பெருநாள் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 2000 முதல் 2002 வரை மூன்று ஆண்டுகள் கார்த்திகைத் தீபம் நோன்பு மாதத்திலேயே வந்தது. மக்ரிபு பாங்கொலித்து நோன்பு திறந்த சிறிது நேரத்தில் மலையில் சுடர் எழுந்தது. 2025-இல் மார்ச் 31-ஆம் நாள் வந்த நோன்புப் பெருநாள், 2031-இல் தை மாதத்துக்கு நகர்ந்துவிடும். இருபத்தைந்து வயதில் மணமுடித்தவர் ஐம்பத்தெட்டில் அதே பருவத்தில் மீண்டும் பெருநாள் காண்பார். ஆகையால் குறிப்பிட்ட பூவையோ இலையையோ நம்பி நம் அலங்காரத்தை அமைக்க இயலாது. ஐப்பசி மழையில் தாள் நனையும். கோடையில் தென்னங்குருத்து மாலைக்குள் வாடும். அந்தந்தப் பருவம் கொடுப்பதைக் கொண்டு செய்வதே இயல்பு. மலேசிய முஸ்லிம்கள் பெருநாளுக்குப் பின்னும் கெத்துப்பாட் கூடு, நம் பந்தல் தோரணத்தைப் போன்றே தென்னங்குருத்தால் ஆனது. அதற்குள் அரிசியிட்டு வேகவைத்து உண்பார்கள். வெறுங்கூட்டை அலங்காரமாகவும் தொங்கவிடுவார்கள். தலையணையாக மாறிய திரைக்கு அதுவும் ஓர் உறவுதான்.

நல்ல வழக்கத்தைத் தொடங்கியவருக்கு அதன் கூலியும், அதைப் பின்பற்றுவோரின் கூலிக்கு ஒப்பான கூலியும் உண்டு என்ற நபிமொழியைப் பலரும் எடுத்தாள்வர். தீய வழக்கத்துக்கும் அவ்வாறே சுமை உண்டு என்பது அதன் மறுபாதி. அது எந்நேரத்தில் சொல்லப்பட்டது? முளர் குலத்தார் சிலர் போதிய உடையின்றி, வெறுங்காலோடு மதீனாவுக்கு வந்தார்கள். அவர்களின் வறுமையைக் கண்டு அண்ணலாரின் முகம் வாடியது. கொடுக்குமாறு மக்களைத் தூண்டினார்கள். ஒரு பேரீச்சம்பழத்தின் பாதியாயினும் கொடுங்கள் என்றார்கள். அன்சாரி ஒருவர் கை தாங்காத கனமுள்ள பையொன்றைக் கொண்டுவந்து வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவர, உணவும் துணியும் இரு குவியல்களாயின. அண்ணலாரின் முகம் ஒளிர்ந்தது. அப்போது சொன்னதே அது. முதன்முதலாகத் தொடங்கியவர் என்று அங்கே புகழப்பட்டவர், கொடுத்தவர். தோரணம் பின்னும் தம்பதியர் இதையும் கணக்கில் வைக்கலாமே. பித்ராவைத் தொழுகைக்கு முன் கொடுத்தாக வேண்டும் என்பது கடமை. பணத்தைப் பள்ளிவாசலில் கட்டிவிட்டு வருவதோடு முடித்துக்கொள்கிறோம். அரிசியாகவே அளந்து, தாங்கள் பின்னிய ஓலைக் கொட்டானிலோ தைத்த துணிப்பையிலோ இட்டு, முதல்நாளே தாங்களே கொண்டுபோய்க் கொடுப்பதை வழக்கமாக்கினால், அவர்கள் வீட்டுக் கைவினை அடுத்த வீட்டு அடுப்படியில் போய்ச் சேரும்.

இனி, கைவினை என்கிறோமே, யாருடைய கை? பிறை கண்ட இரவு நம் வீட்டுப் பெண்களுக்கு எப்படிப்பட்ட இரவு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அரைப்பது, இறைச்சியைக் கழுவி வைப்பது, ஆடைகளைத் தேய்த்து அடுக்குவது, மருதாணி இடுவது, விடியுமுன் அடுப்பு மூட்டுவது. இவற்றின்மேல் தோரணமும் ஏறினால், அது மனைவியின் தூக்கத்திலிருந்து வெட்டிய தோரணமாகிவிடும். கணவன் நண்பர்களோடு கடைவீதியில் நின்றுவிட்டு வந்து, 'நம் வீட்டு வழக்கம்' என்று பெருமையாய்ச் சொல்வதில் என்ன இருக்கிறது? அண்ணலார் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள், தம் காலணியையும் ஆடையையும் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆடவன் கை பங்கு கொள்ளாத வீட்டில் இவ்வழக்கத்தைத் தொடங்காமலிருப்பதே மேல். பிற்காலத்தில் மருமகள் ஒருத்தி, மாமியார் வீட்டுக் கட்டளையாக இதைச் சுமக்க நேரும். சீருக்கு நேர்ந்த கதி தாள் பிறைக்கும் நேர்ந்துவிடும்.

கடைசியாக, விடுவதைப் பற்றி. ரமலானின் சில இரவுகளில் அண்ணலார் பள்ளிவாசலில் தொழ, மக்கள் பின்னின்று தொழுதார்கள். இரவுதோறும் கூட்டம் பெருகிற்று. ஓரிரவு அண்ணலார் வெளியே வரவில்லை. அத்தொழுகை மக்கள்மீது கடமையாகிவிடுமோ என்று அஞ்சியே வரவில்லை என்று பின்னர் விளக்கினார்கள். அவ்வச்சத்துக்கு இடமில்லாத காலத்தில்தான் உமர் (ரலி) அவர்கள் ஓர் இமாமின்கீழ் மக்களை ஒன்று கூட்டினார்கள். வணக்கத்திலேயே இத்தகைய இரக்கம் காட்டப்பட்டிருக்க, வீட்டு வழக்கத்துக்கு நாம் ஏன் இரக்கமற்றவர்களாய் இருக்க வேண்டும்? இடையில் ஓராண்டு வேண்டுமென்றே விட்டுவிடுவது நல்லது. எந்த ஆண்டை விடுவது என்று முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்த ஆண்டு, வீட்டில் ஒருவர் நோயுற்ற ஆண்டு, மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கிய ஆண்டு என்று அது தானே வரும். அந்த ஆண்டில் தோரணப் பெட்டி பரண்மேலேயே இருக்கட்டும். பித்ரா கொடுக்கப்படும், தொழுகை நடக்கும், மலைக்கு அப்பால் பிறையும் தோன்றும். வெறும் வாசலைப் பார்த்துப் பிள்ளைகள் காரணம் கேட்டால், உள்ளதைச் சொல்லிவிடலாம்.